லோர்னாவின் இடம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. படிப்பைப் பாதியில் விட்டவன் நான். நெப்ராஸ்காவில் ஒரு ரயில் கம்பெனியில் இரவு வேலை. ஓட்டுநர்களுக்குப் போன் செய்து, எந்த ரயில், எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் திட்டுவார்கள். ஒரு பெண் மட்டும் ஊர்ப் பெயரைக் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை. ஆகவே வெண்டல் என்று ஒருவனை உண்டாக்கி, என் பொறாமையை அவன் தலையில் கட்டுகிறேன்.

2

'வெண்டல் நிம்மதியான மனிதன், ஆனால்'

வேண்டாம். 'ஆனால்' வந்ததுமே நிம்மதி போய்விடுகிறது.

மறுபடி. வெண்டல் இன்ஜின் ஓட்டுநர். அவனுக்கு நிலையான ஓட்டம்: காலையில் நிலக்கரி ரயில், இருட்டுவதற்குள் வீடு. பல வருடம் காத்திருந்து பிடித்தது. போனில் சிரித்த அந்தப் பெண்ணுக்கு லோர்னா என்று பெயர் வைக்கிறேன். அவளுக்கும் அப்படி ஒன்று வந்தது. அவள் வேண்டாமென்று, கூப்பிட்டால் போகிறவர்களின் பட்டியலிலேயே இருந்துவிட்டாள். எங்கே போகிறோம் என்பது போன் அடித்தால்தான் தெரியும். (அடிப்பவன் நான்தான்.)

"நாளைக்கு எங்க இருப்பன்னு தெரியாம எப்படி தூங்குற?" என்று வெண்டல் கேட்டான்.

"படுத்துதான்."

"வெளையாடாத லோர்னா."

"உனக்கு மட்டும் தெரியுமா?"

"தெரியும். ஆறு மணிக்கு வீட்ல சாப்பிட்டுட்டு இருப்பேன்."

"ஐயோ பாவம்."

அந்த 'ஐயோ பாவம்' அவனோடு வீடு வரை வந்தது. சாப்பாட்டு மேஜையிலும் உட்கார்ந்தது.

3

ரயில் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சர்வீஸில் மூத்தவர் இளையவரைக் கிளப்பிவிட்டு அவர் இடத்தில் உட்காரலாம். எல்லோரும் அதை நல்ல இடத்துக்காகத்தான் செய்வார்கள். வெண்டல் தன் ஓட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டியலில் லோர்னாவின் இடத்தைப் பிடித்தான்.

[இங்கே எனக்குச் சந்தேகம். இவ்வளவு முட்டாளாக ஒருவன் இருப்பானா? இருப்பான். நானாக இருந்தால் அவள் தலையணையையும் கேட்டிருப்பேன்.]

அவன் விட்ட ஓட்டத்தை அன்றே அவனைவிட மூத்த ஒருவர் பிடித்துக்கொண்டார். திரும்ப வழியில்லை.

"யாரும் புடுங்காம நீயா குடுத்துட்டு வந்தியா?" என்றாள் மனைவி ஐரிஸ். "கிறுக்கா உனக்கு?"

லோர்னா தன் லாக்கரைக் காலி செய்ய வந்தாள். அவள் முகம் வாடுவதைப் பார்க்க வெண்டல் பக்கத்திலேயே நின்றான்.

"இனி எங்க போவ?"

"தெரியல. எங்க ஆள் இல்லையோ அங்க. வயோமிங்னு பேசிக்கிறாங்க." சிரித்தாள். "என் எடத்துல என்னமோ இருக்குன்னு நெனச்சியா? தேடிப் பாரு. ஒண்ணும் கெடையாது."

4

முதல் முடிவு: வெண்டல் மனம் மாறி

அடித்துவிட்டேன். மனிதர்கள் கதைக்கு வசதியாக மாறுவதில்லை.

இரண்டாவது: லோர்னா வயோமிங்கில் தனியாக அழுகிறாள். இதை ஆசை ஆசையாக எழுதினேன். எத்தனை முறை எழுதினாலும் கடைசி வரியில் அவள் பல் தெரிகிறது.

மூன்றாவது: வெண்டல் பூட்ஸோடு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான். பையில் கம்பளிக் கோட்டும் அரைக்கைச் சட்டையும் இருக்கின்றன. எந்தப் பக்கம் அனுப்புவார்களோ!

"நாளைக்கு எங்க அக்கா வீட்லேந்து சாப்பிட வராங்க," என்றாள் ஐரிஸ். "நீ இருப்பியா, மாட்டியா?"

கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "தெரியல," என்றான்.

ஐரிஸ் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. அவனுக்கும் புதிதாக இருந்தது போல. இன்னொரு முறை, மெதுவாக, "தெரியல ஐரிஸ்," என்றான். உதட்டோரம் லேசாக அசைந்தது.

அந்த அசைவை நான் எழுதவில்லை. அவனாகச் செய்துகொண்டான். என் பொறாமையைச் சுமக்கத்தானே இவனை உண்டாக்கினேன்? இப்போது இவன்மேலும் பொறாமை.

வெண்டலின் முறை வந்துவிட்டது. போகவேண்டிய ஊர் என் எதிரே திரையில் இருக்கிறது. எண்ணை அழுத்திவிட்டேன். அங்கே மணி அடிக்கிறது. இந்தாருங்கள், போனை நீங்கள் பிடியுங்கள். ஊர்ப் பெயரை நீங்களே சொல்லுங்கள். எந்த ஊரானாலும் சரி. அவன் திட்டினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சிரித்தால் சொல்ல வேண்டாம்.