விவரமான ஜெபம்

என் நாத்தனாரைப் போல ஜெபிக்க எங்கள் சபையில் ஆள் கிடையாது. கண்ணை மூடினால் போதும், பொலபொலவென்று கண்ணீர் கொட்டும். ஆனால் பொத்தாம்பொதுவாக ஜெபிப்பது அவருக்கு ஆகாது. "எல்லாரையும் ஆசீர்வதியும்னா என்ன அர்த்தம்? யாருக்கு, என்ன, எங்கேன்னு விவரமா கேக்கணும்" என்பார். அவர் நடத்தும் ஜெபக் குழு போனில்தான் நடக்கிறது. யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, வார்டு, கட்டில் எண் வரை குழுவில் வந்துவிடும். நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான்.

மடிப்பு என்னோடு சலவை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஓரம் பிசகாமல் மடிப்பதால் அந்தப் பட்டப்பெயர். கடல் கடந்து வந்தவள். விசா முடிந்தும் திரும்பிப் போகவில்லை. போனால் அங்கே வீடும் இல்லை, வா என்று கூப்பிட ஆளும் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆராதனை முடிவதற்குள் நழுவிவிடுவாள்.

ஒரு ஞாயிறு போதகர், அந்நியரைச் சேர்த்துக்கொள்வது பற்றி உருகி உருகிப் பேசினார். நாத்தனார் அன்றே கடைசி பெஞ்சுக்குப் போய் மடிப்பைக் கட்டிக்கொண்டார். பொய் சொல்லக் கூடாது, அன்பாகத்தான் இருந்தார். கம்பளி கொடுத்தார், சாப்பாடு கொடுத்தனுப்பினார். அவளும் "பெரியக்கா, பெரியக்கா" என்று ஒட்டிக்கொண்டாள்.

அவளுக்கு அடிவயிற்றில் ஒரு கட்டி. வேலைக்கு நடுவில் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அடையாள அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுவார்கள். அவள் மடித்த விரிப்பு ஆஸ்பத்திரிக்குள் போகலாம், அவள் போகக் கூடாது. எனக்குத் தெரிந்த நர்ஸம்மா ஒருவர், வாய் திறக்காத மனுஷி, ஒரு டாக்டரை வீட்டுக்கே கூட்டி வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் மடிப்பு வலி தாங்காமல் பெரியக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டாள்.

ஜெபக் குழுவுக்கு நாத்தனார் அனுப்பிய குரல் பதிவு போனில் வந்தபோது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"பிரியமானவங்களே, அவசர ஜெபக் குறிப்பு. நம்ம சபைக்கு வர்ற ஒரு சகோதரி. விசா முடிஞ்சுபோச்சு, பேப்பர் எதுவும் கிடையாது. என் தம்பி வீட்டுக்குப் பின்னாடி ரூம்ல இருக்கா, பாலத்துப் பக்கத்து லாண்டரியில வேலை. வயித்துல கட்டி. பயமில்லாம ஒரு டாக்டரைப் பார்க்க கர்த்தர் வழி திறக்கணும். உங்க எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க."

ஈரக் கையோடு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணி, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? முதல்ல அதை அழிங்க!"

"ஏன் கத்தறே? எத்தனை பேரு அவளுக்காக முழங்கால்ல நிக்கறாங்க தெரியுமா?"

"ஆண்டவருக்கு அவ அட்ரஸ் தெரியாதா? நீங்க சொல்லித்தான் தெரியணுமா?"

"விசுவாசம் இல்லாதவ மாதிரி பேசாதே."

என் தொல்லை தாங்காமல் அழித்தார். அதற்குள் அது ஊர் சுற்றக் கிளம்பியிருந்தது. வேறு எங்காவது போய்விடு என்று மடிப்பிடம் சொன்னேன். "எங்கேக்கா போவேன், இந்த வலியோட?" என்றாள்.

குடியேற்ற அதிகாரிகள் சலவை நிலையத்துக்கே வந்தார்கள். விரிப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில். "இருங்க சார், இதை மடிச்சு வச்சுட்டு வந்துடறேன்" என்றாள். விடவில்லை. விரிப்பு தரையில் விழுந்தது. முதலாளி அதை மறுபடியும் துவைக்கப் போடச் சொன்னார்.

காட்டிக்கொடுத்தது யார் என்று நான் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஞாயிறு அன்று அவரே வந்தார். பாடகர் குழுவில் கட்டைக்குரலில் பாடுகிறவர், குடியேற்ற அலுவலகத்தில் அதிகாரி.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்த ஜெபக் குறிப்பு எனக்கும் வந்துச்சு. உபவாசம் இருந்து ஜெபிச்சேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அது பொய்தானே? மனசுல ஒரு சமாதானம் வந்தப்புறந்தான் மேலே சொன்னேன். அவளை வச்சிருக்கற முகாம்ல டாக்டர் இருக்காரு, இலவசமாவே பார்ப்பாங்க."

அவர் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல" என்றார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஒருவரையாவது வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

அடுத்த வாரம் நாத்தனார் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். அந்தச் சகோதரியை டாக்டர் பார்த்துவிட்டாராம். "நாம ஒரு வழியில கேட்டோம், கர்த்தர் தம்முடைய வழியில பதில் கொடுத்தார்." ராத்திரி தூங்கியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரங்க எனக்கு மனம் வரவில்லை. சபை ஆமென் என்றது; கட்டைக்குரல் தனியாகக் கேட்டது.

மறுநாள் தடுப்பு முகாமிலிருந்து மடிப்பு போன் செய்தாள்.

"டாக்டர் பார்த்தாராம்மா?"

"பார்த்தாருக்கா. மாத்திரை கொடுத்தாரு. ஆபரேஷன் எல்லாம் உன் ஊருக்குப் போய்ப் பண்ணிக்கோன்னுட்டாரு." "அக்கா, ஒரே ஒரு உதவி. நான் இங்க இருக்கேன்னு பெரியக்காவுக்குத் தெரியுமான்னு தெரியல. எனக்காக ஜெபிக்கச் சொல்லுங்க. அவங்க கேட்டா கிடைக்கும்."

அந்த ஜெபக் குறிப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிட்டால் அவளுக்கு அங்கே பற்றிக்கொள்ள என்ன மிச்சம் இருக்கும்?

"ஜெபிச்சாங்கம்மா" என்றேன். "சபையே ஜெபிச்சுது."

"அப்படியா!" குரலில் தெம்பு வந்துவிட்டது. "அப்ப எப்படியும் என்னை விட்டுடுவாங்கக்கா."