பதினேழாம் நம்பர்

"போட்டது உன் கை, போகப்போறது என் புருஷன் வேலையா? வாயைத் திறடா!"

"கத்தாதக்கா, லைன் பூரா கேக்குது."

கேட்கத்தான் செய்தது. அந்த வரிசையின் ஏழு வீட்டிலும் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார்கள்.

விஷயம் இதுதான். நாட்டுக்கே முதல் அணுமின் நிலையம். அதைக் கட்டும் ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் அச்சு. குழாயைப் பற்றவைத்து முடித்ததும் பக்கத்தில் அந்த நம்பரைச் சுத்தியலால் அடித்துவிட வேண்டும். பிறகு எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். முடியளவு விரிசல் இருந்தாலும் படத்தில் தெரியும். யார் கை என்று நம்பர் சொல்லிவிடும். அக்காள் புருஷன் பதினேழு. மூன்று வருஷமாகப் பதினேழில் ஒரு விரிசல் கிடையாது. தம்பிக்கு நம்பரே கிடையாது. பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவன். "கை பழகட்டுமே" என்று புருஷனை அரித்தெடுத்தவள் சாட்சாத் அக்காள்தான். பம்ப் அறையில் நான்கு இணைப்பை மச்சினன் போட்டான். மாமா தன் நம்பரை அடித்தார். நான்கிலும் விரிசல்.

"நாளைக்கு விசாரணையில நானே சொல்லிடறேன்க்கா. சத்தியமா."

"விடு, சின்னப் பையன்," என்றார் வெல்டர், உள்ளே சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி.

சின்னப் பையனுக்கு இருபத்தாறு வயது.

மறுநாள் என்ஜினியர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "யார் போட்டது?"

வெல்டர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் ஃபோர்மேனைப் பார்த்தான். போட்டது யார் என்று தெரிந்த ஃபோர்மேன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமாதான் சார். நான் கம்பி எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான்."

"நம்பர் உன்னுதா?" என்று வெல்டரைக் கேட்டார் என்ஜினியர்.

"என்னுதுதான் சார். ஆனா..."

"அது போதும்."

வேலை போயிற்று. ஆனால் உடனே போகவில்லை. அந்த இடுக்கில் மல்லாந்து படுத்து, எட்டாத பக்கத்தை முகக்கண்ணாடியில் பார்த்துப் பற்றவைக்க வேறு ஆள் இல்லை. நான்கு நாள் வைத்திருந்து, நான்கையும் வெட்டித் திரும்பப் போட வைத்தார்கள். படம் துடைத்துவிட்ட மாதிரி வந்தது. ஐந்தாம் நாள் கேட்டில் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு அக்காள் சண்டை போடவில்லை. லைனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். "நான்தானே கேட்டேன்," என்று மட்டும் சொல்லி, வெந்துகொண்டிருந்ததை இறக்கிவைத்தாளாம்.

ஆறு மாதத்தில் தம்பி பரீட்சையில் தேறினான். பரீட்சை வைத்தவர் ஃபோர்மேன். அடுத்த மாதமே அவருக்கு மாப்பிள்ளையும் ஆனான். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று லைனில் பாதிப்பேர் சொன்னார்கள்; அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. கல்யாணம் வேலிக்குள்ளே, குவார்ட்டர்ஸில். அம்மா அழுத அழுகைக்காக அக்காள் குழந்தையோடு போய்வந்தாள். பாஸ் இல்லாத வெல்டர் கேட்டுக்கு வெளியே நின்றார். "உக்காருங்கண்ணே, உங்களை நிக்க வெச்சிட்டு நான் எப்படி உக்கார்றது" என்று காவல்காரர் தன் முக்காலியைத் தள்ளிக் கொடுத்தார்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். இப்போது ஏதோ ஒரு சின்ன ஊரில், பட்டறையில் ஜன்னல் கம்பி பற்றவைக்கிறாராம். அங்கே பாதி நாள் கரண்ட் இருக்காது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வரும்வரைக்கும் உட்கார்ந்திருப்பாராம்.