மேக்கன் மலை இறக்கம்

டென்ஸ்லோ ஊரில் ஒருவன் எந்தச் சர்ச்சுக்குப் போகிறான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்ன பிக்கப் ஓட்டுகிறான், கால்டரா பிராஸ்கோவா என்றுதான் கேட்பார்கள். கால்டர்காரன் பிராஸ்கோக்காரன் வீட்டில் பெண் எடுத்தால் கல்யாணச் சாப்பாட்டிலேயே சண்டை நிச்சயம். இரண்டும் டீசல் வண்டிதானே, இரண்டுக்கும் பின்னால் நான்கு சக்கரம்தானே, இரண்டும் ஏழு டன் மாட்டை இழுத்துக்கொண்டு மலையேறும்தானே என்பதெல்லாம் வெளியூர்க்காரன் பேச்சு. அதை இங்கே வந்து சொன்னால் ஒரு வாய் காபிகூட ஊற்ற மாட்டார்கள்.

வெர்லீன் ஸ்டாக்ஸ் கால்டர்காரி. அவளுடைய வெள்ளைக் கால்டருக்கு வயது பதினாலு, கதவோரமெல்லாம் துரு. அந்த வண்டியில் வயோமிங் மாநிலம் முழுக்க மாடும் குதிரையும் ஏற்றி இறக்கிப் பிழைப்பவள். மூன்று வருஷம் முன்புவரை அந்த வேலையைச் செய்தது அவள் புருஷன் ஹாலிஸ். இப்போது அவன் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு கிடக்கிறான். இடது கால் முழங்காலோடு போய்விட்டது. ஆனால் அவனை வீட்டில் போட்டது அந்தக் கால் இல்லை. ராய்ஸ் டட்டிலின் வாய்.

மூன்று வருஷம் முன்னால் மேக்கன் மலை இறக்கத்தில், எம்மெட் காலிஹனின் பதினோரு கிடாரிகளோடு ஹாலிஸின் டிரெய்லர் கவிழ்ந்தது. கிடாரிகள் அத்தனையும் செத்தன, ஹாலிஸின் கால் போனதும் அன்றைக்குத்தான். பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ஹாலிஸ் சொன்னான். அன்றைக்கு அவனுக்குப் பின்னால் பாரமேற்றிக்கொண்டு வந்தவன் ராய்ஸ் ஒருவன்தான். ராய்ஸ் என்ன சொன்னான்? "நான் அரை மைல் பின்னால வந்தேன். அவன் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினான், பிரேக் தீஞ்சு போச்சு. இறக்கத்துல ஓட்டத் தெரியாதவன் கையில மாட்டைக் கொடுத்தா இப்படித்தான்" என்றான். நசுங்கிக் கிடந்த டிரெய்லரில் எது எப்போது பட்ட அடி என்று யாருக்குத் தெரியும்? ராய்ஸின் வண்டி முகப்பை யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஊர் ராய்ஸை நம்பியது. ஊரில் பாதிப்பேர் அவனுடைய பிராஸ்கோ ஷோரூமில் வண்டி வாங்கியவர்கள்தானே, நம்பாமல் என்ன செய்வார்கள்! அதற்குப் பிறகு ஒரு கன்றுக்குட்டியைக்கூட ஹாலிஸை நம்பி யாரும் ஏற்றவில்லை. அவன் கஃபேக்குப் போவதை நிறுத்தினான், பிறகு வாசலுக்கு வருவதையே நிறுத்தினான்.

வெர்லீனுக்கு மூன்று வருஷமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. ராய்ஸைக் கண்டாலே அவளுக்கு வாயெல்லாம் கசக்கும்.

ஜூலை மாதச் சந்தைக்கும் அன்றைக்கு நடக்கும் மலைப்போட்டிக்கும் ஒரு வாரம் முன்னால், கால்டருக்கு எண்ணெய் மாற்ற, கையில் காபிக் கோப்பையோடு மெக்கானிக் டெல்மர் பட்டறைக்குப் போனாள். மூலையில், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ ஒன்று கழற்றிப் போடப்பட்டுக் கிடந்தது. புத்தம் புதுசு.

"யாரோடது டெல்மர், இத்தனை புதுசைக் கழட்டிப் போட்டிருக்கே?"

"ராய்ஸோட புது வண்டியோடது. மலையேறுற போட்டிக்குப் பெருசா ஒண்ணு மாட்டச் சொன்னாரு. இப்ப ராக்கெட்டு மாதிரி ஏறுது."

வெர்லீன் குனிந்து அதைப் பார்த்தாள். "ஏம்ப்பா, இதைக் கழட்டிட்டா இன்ஜின் பிரேக்கும் சேர்ந்து போயிடுமே?"

இறக்கத்தில் பாரம் இழுக்கிறவர்களுக்கு அதுதான் உயிர். கால் பிரேக்கைத் தொடவே வேண்டாம். டர்போ புகையை மறித்து இன்ஜினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பின்னால் இருக்கும் ஏழு டன் வண்டியைத் தள்ளாது. டெல்மர் மாட்டிய பெரிய டர்போவுக்கு அந்த வேலை தெரியாது.

"போகும்தான். நானும் சொன்னேன். 'ஏறுறதுக்குத்தான்டா கப்பு கொடுக்கிறாங்க, இறங்குறதுக்கா கொடுக்கிறாங்க'ன்னு சிரிக்கிறாரு. போன வண்டிக்கும் இதே கதைதான்க்கா. நாலு வருஷம் ஆச்சு அதுக்கு மாட்டி."

வெர்லீன் நிமிர்ந்தாள். நாலு வருஷம். ஹாலிஸ் கவிழ்ந்து மூன்று வருஷம். அப்படியென்றால் அன்றைக்கு ராய்ஸ் ஓட்டி வந்த வண்டிக்கும் இன்ஜின் பிரேக் கிடையாது. தீய்ந்துபோனது எவன் பிரேக் என்று அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. கையில் இருந்த காகிதக் கோப்பை நசுங்கி, காபி சூடாக விரலெல்லாம் வழிந்தது. அவள் கவனிக்கவேயில்லை.

"யக்கா, கை!" என்றான் டெல்மர்.

"கையை விடு. சந்தையன்னிக்கு நீ மலைக்கு வர்றே. வந்தே ஆகணும்."

மறுநாள் காலை கஃபேயில் கூட்டம். ராய்ஸ் வழக்கம்போல நடு மேஜையில் உட்கார்ந்து, கால்டரை வாரிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக மலைப்போட்டிக் கப்பு அவனிடம். வெர்லீன் உள்ளே வந்ததும் குரல் இன்னும் ஏறியது.

"வாம்மா வெர்லீன்! உன் துருப்பெட்டி இன்னும் உருளுதா? பார்த்து, வழியில கதவு விழுந்துடப் போகுது!"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லீனும் சிரித்தாள். அதைப் பார்த்துச் சிலர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

"ராய்ஸ், ஏழு டன் கான்கிரீட்டை இழுத்துக்கிட்டு மலையேறுறது என்ன பெரிய வித்தை? ஏத்தத்துல கழுதைகூட இழுக்கும். வேலைக்காரன் வண்டி எதுன்னு இறக்கத்துலதான் தெரியும். இந்த வருஷம் ஏறி, அதே பாரத்தோட மேக்கன்ல இறங்குவோம். பிரேக்கை மிதிச்சா டிரெய்லர்ல சிவப்பு விளக்கு எரியும்ல? வளைவுக்கு ஒரு ஆள் நின்னு எண்ணட்டும். யாருக்குக் குறைச்சலோ அவங்களுக்குக் கப்பு."

ராய்ஸின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "இது என்ன புதுப் பழக்கம்? காலங்காலமா ஏத்தம்தானே போட்டி?"

"ஏன், பிராஸ்கோவுக்கு இறங்கத் தெரியாதா?"

கேட்டாளே ஒரு கேள்வி! கஃபேயில் இருந்த பிராஸ்கோக்காரர்கள் அத்தனை பேருக்கும் சுருக்கென்றது. "தெரியாதாவா? டேய் ராய்ஸ், ஒத்துக்கோடா! அந்தத் துருப்பெட்டிக்குப் பயப்படுறியா?" என்று நாலு பக்கமும் அவன் ஆட்களே கத்தினார்கள். ஜன்னலோரம் முட்டை தின்றுகொண்டிருந்த கிழவர் எம்மெட் காலிஹன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நியாயமான போட்டிதான். நானே நின்னு எண்ணுறேன்" என்றார்.

ராய்ஸ் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். தன் வண்டிக்கு இன்ஜின் பிரேக்கே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் பிராஸ்கோ விற்கிறவன், ஊருக்கு நடுவில், ஒரு கால்டர்காரியிடம், "என் வண்டியால் முடியாது" என்று சொல்வானா? செத்தாலும் சொல்ல மாட்டான். "வர்றேன்" என்றான்.

போட்டியன்று காலை ஹாலிஸ் வரமாட்டேன் என்றான். வெர்லீன் டிவியை அணைத்தாள்.

"அந்த மலையில எனக்கு என்ன வேலை, வெர்லீன்?"

"என் பக்கத்துல உட்கார்ந்து வர்ற வேலை. கிளம்பு."

"எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

ஏற்றத்தில் ராய்ஸின் கறுப்புப் பிராஸ்கோ கால்டரை நாலு நிமிஷம் முந்தியது. மேலே கூட்டம் விசிலடித்தது. பிறகு இறக்கம். வெர்லீன் வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"நீ முன்னால போ ராய்ஸ். உன்னைப் பின்னால விட்டுட்டு எங்க வீட்டு வண்டி இந்த மலையில இனிமே இறங்காது."

 ராய்ஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

மேலிருந்து பார்த்தால் ஆறு மைல் பாதையும் தெரியும். முதல் வளைவுக்குள்ளேயே ராய்ஸின் டிரெய்லரில் சிவப்பு விளக்கு நாலு தரம் எரிந்தது. ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இரண்டாவது வளைவில் எரிந்த விளக்கு அணையவேயில்லை. சிரிப்பு நின்றது. சக்கரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. வெர்லீன் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவள் எண்ணுவதை நிறுத்தினாள். பாரம் வண்டியைத் தள்ளுகிறது, அது தூரத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாவது வளைவுக்குச் சற்று முன்னால், பிரேக் விட்டுப்போன வண்டிகளுக்காக மலையோரம் சரளைக்கல் கொட்டி ஒரு மேடு வைத்திருக்கிறார்கள். பிராஸ்கோ அதில் ஏறி, கல்லை வாரியிறைத்து, அச்சு வரை புதைந்து நின்றது.

"ஐயோ!" என்று யாரோ கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ராய்ஸ் இறங்கி, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். காயம் இல்லை.

வெர்லீனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம்கூட வெட்கமில்லாத சந்தோஷம். பக்கத்தில் ஹாலிஸ் கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தான். 

"அன்னிக்குக் கண்ணாடியில இதைத்தான் பார்த்தேன். இதே புகை" என்றான் மெல்ல.

"தெரியும்" என்றாள். கியரை இறக்கினாள். இன்ஜின் பிரேக் கரகரவென்று பிடித்தது. அந்தத் துருப்பெட்டி ஏழு டன்னையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தள்ளாத வயதில் படியிறங்குகிறவர்போல நிதானமாக இறங்கியது. சரளைமேடு வரை சிவப்பு விளக்கு ஒருதரம்கூட எரியவில்லை.

அவள் போய் நிற்பதற்குள் தங்கள் வண்டிகளில் முந்திக்கொண்டு வந்து அங்கே ஊரே கூடியிருந்தது. இழுவை வண்டி காஸ்பர் நகரத்திலிருந்து வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். மேட்டை அடைத்துக்கொண்டு ஒரு வண்டி நிற்கும்வரை மேலே மாட்டு லாரி ஒன்றும் இறங்கக் கூடாது. நாலைந்து பேர் சங்கிலியை எடுத்தார்கள். எம்மெட் கையை உயர்த்தினார்.

"யாரும் சங்கிலியைத் தொடாதீங்க. ராய்ஸ், உன் இன்ஜின் பிரேக் எங்கே?"

ராய்ஸ் தரையைப் பார்த்தான்.

"டெல்மர்!" என்றாள் வெர்லீன். "போன வண்டிக்கு நீ எப்ப மாட்டினே? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு."

டெல்மர் முன்னால் வந்தான். "நாலு வருஷம் முன்னால. அதுலயும் இன்ஜின் பிரேக் கிடையாது."

 எம்மெட் கல்லில் கால் புதையப் புதைய நடந்து ராய்ஸின் முகத்துக்கு நேரே போய் நின்றார்.

"என் கிடாரிங்க செத்த அன்னிக்கு, நீ அரை மைல் பின்னாலயா வந்தே?"

"எம்மெட், இப்ப எதுக்கு அந்தப் பழைய..."

"வந்தியாடா?"

ராய்ஸ் சுற்றிலும் பார்த்தான். அவன் விற்ற வண்டிகளில் சாய்ந்து நின்றவர்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஒருவன்கூட அவனுக்காக வாயைத் திறக்கவில்லை.

"இல்லை" என்றான். "பிரேக் போயிடுச்சு. பின்னால போய் இடிச்சிட்டேன். வேணும்னு இடிக்கலை."

"அதை யாருகிட்ட சொல்றே?" என்றாள் வெர்லீன். "எங்க யாருக்கும் கால் போகலை. அவன்கிட்டப் போய்ச் சொல்லு."

ராய்ஸ் கால்டரின் ஜன்னலுக்கு நடந்துபோனான். "நான்தான் இடிச்சேன், ஹாலிஸ். உன் மேல தப்பு இல்லை. பொய் சொன்னது நான்தான்." உரக்கச் சொன்னான். முணுமுணுத்தால் திரும்பச் சொல்ல வைப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

 ஹாலிஸ் கதவைத் திறந்து, பொய்க்காலை ஊன்றி இறங்கினான். எம்மெட் தொப்பியைக் கழற்றி, "ஹாலிஸ், நான்..." என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் பேசலாம் எம்மெட். அந்தச் சங்கிலியை இப்படிக் கொடுங்க."

அவனே இரண்டு வண்டியின் டிரெய்லரையும் கழற்றினான். அவனே குனிந்து சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான், இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். யாரும் உதவிக்குப் போகவில்லை, போனால் அடிப்பான் போலிருந்தது. பிறகு ஓட்டுநர் பக்கம் வந்து வெர்லீனைப் பார்த்தான்.

"நகரு. நான் ஓட்டுறேன்."

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கால்டர் முதலில் அந்த டிரெய்லரையும் பிறகு பிராஸ்கோவையும் சரளையிலிருந்து பிடுங்கி எடுத்தது. பிராஸ்கோவின் முன்பக்கம் உடைந்து தண்ணீர் ஒழுகியது, அது இனித் தானாக நகராது. ஹாலிஸ் சங்கிலியைக் கழற்றிவிட்டு இரண்டு வண்டிக்கும் நடுவே கட்டி இழுக்கும் இரும்புக் கம்பியை மாட்டினான். ராய்ஸுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊரில் கையைக் காலை உடைத்துக்கொள்ளலாம், பெண்டாட்டி ஓடிப்போகலாம், ஆனால் எதிரிக் கம்பெனி வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகப்பட்டவன் என்ற பேர் மட்டும் வாங்கவே கூடாது.

"வேண்டாம் ஹாலிஸ். நான் இழுவை வண்டிக்குக் காத்திருக்கேன்."

"மேலே மாடெல்லாம் வெயில்ல நிக்குது. ஏறி ஸ்டீரிங்கைப் பிடி."

சந்தை நாள், உச்சி வெயில், தெருவெல்லாம் ஜனம். துருப்பிடித்த கால்டர் முன்னால், பளபளக்கும் கறுப்புப் பிராஸ்கோ பின்னால், அதற்குள் ராய்ஸ் டட்டில். கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். குழந்தைகள் கை காட்டினார்கள். தன் ஷோரூம் வந்ததும் ராய்ஸ் ஹாரனை அடித்து, ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்: "இங்கதான்! இங்க நிறுத்து!"

ஹாலிஸ் நிறுத்தவில்லை. ஷோரூமைத் தாண்டிப் போனான். தெருக்கோடியில் தீவனக்கிடங்கைச் சுற்றி வளைத்து, வந்த வழியே வண்டியைத் திருப்பினான். மூன்று வருஷத்தில் முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தான்.

"ஏதோ கத்துறான்ல?" என்றான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்றாள் வெர்லீன். "மெதுவாப் போ. அந்தப் பக்கம் நிக்கிறவங்க இன்னும் சரியாப் பார்க்கலை."