பூவராகவன் வெளுக்க வைத்த ஊதா

1
இந்தக் கதை கும்மிடிப்பூண்டி ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. சொன்ன ஆள் பாதியிலேயே இறங்கிவிட்டான். மீதியை நான் இட்டுக்கட்டினேன். எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது பிரிக்க வராது.

முதல் வரி: சின்னராசுவின் கழுத்துக் கட்டி, பௌர்ணமி நிலவைப்போல…
(வேண்டாம். எலுமிச்சை அளவுதான்.)

2
ரோசம்மாளுக்கு ரிப்போர்ட்டில் நம்பிக்கை இல்லை. இரும்பு ஆலையில் வேலை செய்யும் புருஷன் சின்னராசுவின் கட்டியிலிருந்து துளி சதை எடுத்தார்கள். கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றி, மணவாள நகர் லேபில் ஸ்கேன் செய்து படத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் திரையில் பார்த்துவிட்டு, பயமில்லை என்று எழுதினார். கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது.

புருஷனை இழுத்துக்கொண்டு லேபுக்கே போனாள். அவன் வாசலில் டீ குடிக்க நின்றுவிட்டான். ஸ்கேனர் முன்னால் இருந்தவனைப் பார்த்ததும் அவள் சந்தேகம் இரட்டித்தது.

"நீ ஆல்பம் போடுற பூவராகவன்தானே? எங்க கண்ணாலத்துல இவர வெள்ளக்காரனாட்டம் ஆக்குனவன்."

"அது அப்போக்கா. இப்ப லேபு."

"இங்கயும் இன்னா, அதே வேலதானா?"

அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

[இங்கே அவனை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை.]

3
தினமும் காலையில், வண்ணக்கட்டங்கள் உள்ள மாதிரி ஸ்லைடை ஸ்கேன் செய்து, நிறம் பிசகாமல் வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். பூவராகவன் ஒப்பிடவில்லை. படம் கருத்து வந்ததாகத் தோன்றினால் கொஞ்சம் வெளுப்பாக்குவான், கொஞ்சம் ரோஸ் ஏற்றுவான். பல முகூர்த்தங்களின் பழக்கம். செல்லின் கரு பெருத்து, அடர்ஊதாவாகக் கிடந்தால்தான் டாக்டருக்குப் புற்றுநோயோ என்ற சந்தேகமே வரும். அந்த ஊதாவை மாப்பிள்ளை முகம்போலத் துடைத்து அனுப்பியிருந்தான்.*

*ஒரு குடல்வால் பவுடர் பூசிக்கொண்டு சென்னைக்குப் போனதாகவும் கேள்வி.

"அசிங்கமா அனுப்பக் கூடாதுன்னுதாங்கா…"

"அசிங்கமாவே அனுப்பு. நா இங்கியே குந்திக்கினு பாக்குறேன்."

4
மாதிரி ஸ்லைடை வைத்து நிறத்தைச் சரிசெய்தான். சின்னராசுவின் ஸ்லைடை மறுபடி ஸ்கேன் செய்தான். இந்த முறை படம் அழகாக இல்லை. அப்படியே அனுப்பினான்.

முடிவு ஒன்று: டாக்டர் பழைய பதிலையே… (நம்ப மாட்டீர்கள்.)
முடிவு இரண்டு: ரோசம்மாள் தலையில் கைவைத்து… (உடனே நம்பிவிடுவீர்கள். அதனால் வேண்டாம்.)

போன் வந்தது. பூவராகவன் ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் சென்னை டாக்டர். "பேஷன்ட்கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

எதற்குக் கேட்டார் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்தானே.

ரோசம்மாள் வாசலைப் பார்த்தாள். சின்னராசு இரண்டாவது டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து போனை வாங்கினாள்.

"நாந்தான் வந்துகிறேன். சொல்லுங்க."