ஆண்டுக்கு எட்டு சதவீதம்

மூன்றாவது முறை குத்தியபோதுதான் ரத்தம் வந்தது. நாற்காலியில் இருந்த பெரியவர் வலியைக் காட்டிக்கொள்ளாமல், "என்னம்மா, கிணறா தோண்டுற?" என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பஞ்சை வைத்து அழுத்தி, ரத்தம் பிடித்த சோதனைக் குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டி, அவரை அனுப்பிவிட்டுக் கைகழுவும் தொட்டியருகே போய் வலது கையை நீட்டிப் பார்த்தாள். நான்கு விரல்கள் அசையாமல் இருந்தன. கட்டைவிரல் மட்டும், தெருவில் லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்வதுபோல லேசாக அதிர்ந்தது. இருபத்தெட்டு வருடங்களாக ரத்தம் எடுக்கும் கை. அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் அழைப்பார்கள். நரம்பு அகப்படாதவர்களை அவளிடம்தான் அனுப்புவார்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் விரும்பினால் ஒரு தொகை வாங்கிக்கொண்டு விலகலாம் என்ற சுற்றறிக்கை அதே வாரம் வந்தது. திங்கட்கிழமை மாலைக்குள் கடிதம் கொடுக்க வேண்டும். கையைப் பற்றி யாரும் கேட்பதற்கு முன்பே மரியாதையாகப் போய்விடலாம். அவளுக்கு ஐம்பத்திரண்டு. போனால், இருக்கும் பணம் கடைசிவரை தாங்குமா என்பதுதான் கேள்வி. அதற்கான எண்ணை அவள் பல வருடங்களுக்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள். தொண்ணூறு லட்சம்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப்போட்ட பிறகு, அவள் கணக்கு எழுத உட்காருவாள். முதல் சில வருடங்கள் கோடு போட்ட நோட்டில், பிறகு கணினியில். இருப்பவை மேலே, கொடுக்க வேண்டியவை கீழே, கழித்தால் வருவது அடியில் தடித்த எழுத்தில். நகையைச் செய்கூலி போக அன்றைய விலைக்குத்தான் எழுதுவாள். ஸ்கூட்டருக்கு வருடம் பத்து சதவீதம் குறைப்பாள். வாங்கிய புதிதில் குளிர்சாதனப் பெட்டியையும் சொத்தில் சேர்த்திருந்தாள்; பிறகு தனக்கே சிரிப்பு வந்து எடுத்துவிட்டாள். இருபத்து நான்கு வருடங்களின் எண்களை இணைத்தால் ஒரு கோடு வரும். வேறு யாருக்கும் அது வெறும் ஏற்றம். அவளுக்கு அதில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும். அம்மா படுக்கையில் விழுந்த நான்கு வருடங்கள் கோடு நகராமல் படுத்தே கிடந்தது. அம்மா இறந்த மறுமாதத்திலிருந்து மேலே ஏறியது. மருந்துச் செலவு இல்லை, பகல் நேரத்துக்கு வைத்திருந்த பெண்ணின் சம்பளம் இல்லை. அந்த முதல் ஏற்றத்தைத் திரையில் பார்த்தபோது அவள் கணினியை மூடிவிட்டு, துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். இரண்டு புடவைகள்தான் தொங்கின. அதிலிருந்து ஆறு வருடங்களாகக் கோடு ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க வீட்டில் யாரும் இல்லை.

சனிக்கிழமை, முதல்முறையாக, அந்தக் கணக்கைத் தாளில் அச்செடுத்து இன்னொருவருக்குக் காட்டினாள். பரிசோதனைக் கூடத்தின் கணக்காளர், எதற்கும் எளிதில் மசியாத மனிதர். பென்சிலை வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். விலகினால் கிடைக்கும் தொகையும் சேர்ந்து கூட்டல் தொண்ணூற்றொரு லட்சத்துச் சொச்சம்.

"பரவாயில்லையே. ஊசிய வெச்சே கோட்டை கட்டிட்டீங்க." பென்சில் ஒன்பதாவது வரியில் நின்றது. "பதினஞ்சு லட்சம்... 'தம்பி'ன்னு போட்டிருக்கு. இது எந்த பேங்க்?"

"பேங்க் இல்லீங்க, தம்பி. வீடு கட்ட ஆறு லட்சம் குடுத்தேன். பன்னெண்டு வருஷம் ஆச்சு. எட்டு சதவீதம் போட்டு வெச்சிருக்கேன்."

"எழுதி வாங்கினீங்களா?"

"தம்பிகிட்டயா?"

"ஒரு தடவையாச்சும் திருப்பிக் குடுத்திருக்காரா? வட்டியோ, அசலோ?"

அவள் தாளின் ஓரத்தை நேராக்கினாள். கணக்காளர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இத சைபர்னு வெச்சுக் கூட்டிப் பாருங்க. அதுல நிக்க முடியும்னா கடிதம் குடுங்க. இல்ல, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதாவது வரியில் சைபர் போட்டாள். அடியில் இருந்த எண் எழுபத்தாறாக இறங்கியது. இன்னும் ஏழெட்டு வருடம் வேலையில் நிற்க வேண்டிய தூரம் அது. கட்டைவிரலைப் பார்த்தாள். பழைய எண்ணையே திரும்பப் போட்டாள். உண்மையில் அந்தப் பட்டியலில் ஓர் ஆளின் பெயரில் இருந்தது அந்த ஒரு வரிதான். ஒவ்வொரு ஜனவரியிலும் அதற்கு வட்டி ஏற்றும்போது, தம்பியிடம் ஏதோ பேசி முடித்ததுபோல ஒரு நிறைவு வரும். நிஜத்தில் அவர்கள் பேசுவது வருடத்துக்கு நான்கைந்து தடவை. எப்படி இருக்கே, நல்லா இருக்கேன், மழையா அங்க, இங்கயும் மழை.

தம்பி இரண்டாவது மணியில் எடுத்தான்.

"என்னக்கா, அதிசயமா இருக்கு. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வேலைய விட்டுடலாமான்னு பாக்கறேன்."

"விட்டுடு! எத்தன நாளா சொல்றேன்! போதும்க்கா, ஊரான் ரத்தத்த உறிஞ்சினது."

அவள் சிரிக்க முயன்றாள். பிறகு, இரவு முழுக்க மனதில் சொல்லிப் பார்த்த வாக்கியம் அப்படியே வராமல் துண்டு துண்டாக வந்தது. "அதுக்குத்தான்டா. கணக்கு பாத்தேன். அந்தப் பணம்... உன்னால இப்ப முடியுமான்னு. மொத்தமா வேணாம். பதினஞ்சுல ஒரு அஞ்சு, ஆறு வந்தாக்கூட..."

"எந்தப் பணம்?"

"வீட்டுக்குக் குடுத்தது."

"அது ஆறு தானேக்கா?"

"வட்டி" என்றாள்.

"வட்டியா? யாரு போட்டா?"

அவள் நான்தான் என்று சொல்வதற்குள் அவனே பேசினான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தப் பணத்துலதானே மாடி ரூம் எடுத்தோம். பிளான் காட்டினப்ப நீதானே சொன்னே, 'எனக்கும் ஒரு ரூம் போட்டுடுடா'ன்னு. போட்டேனே. நீ வந்தப்ப கூட்டிட்டுப் போயி காட்டினேனே, இது உன் ரூம்னு."

அவளுக்கு நினைவிருந்தது. வீடு கட்டி இரண்டாவது வருடம். ஒரே ஒரு பகல். மாடியேறிப் பார்த்து, நல்ல காற்று என்று சொன்னாள். வீட்டுக்கு வருபவர்களிடம் எல்லோரும் சொல்வதுதானே, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க என்று. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"நீ பேச்சுக்குச் சொன்னேன்னு நெனச்சேன்டா."

"பேச்சுக்கு யாராச்சும் செவுரு எழுப்புவானாக்கா? பத்து வருஷம் பூட்டியே கெடந்துது. அம்மா போனப்புறம் வருவேன்னு பாத்தோம். என் வீட்டுக்காரிகூட வருஷா வருஷம் கேப்பா, இந்த வருஷமாச்சும் அண்ணி வருவாங்களான்னு. போன வருஷம் அவ அம்மாவுக்கு இடுப்பு ஒடஞ்சப்புறம்தான், வேற வழியில்லாம அவங்கள அங்க படுக்க வெச்சோம்." கொஞ்சம் நிறுத்தி, "பணமாத்தான் வேணும்னா குடுத்துடறேன்க்கா. கொஞ்சம் டயம் குடு. லோன் போட்டுப் பாக்கறேன்."

"வேணாம்டா. நான் சும்மா..."

"இரு. வீடியோல வா."

திரையில் முதலில் அவன் தாடை வந்தது, நரைத்து. அடுத்து படிகள். படம் ஆடிக்கொண்டே மேலே ஏறியது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. தம்பிக்கும் நாற்பத்தெட்டு ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கதவு திறந்தது. ஜன்னலோரம் கட்டில், அதில் தம்பியின் மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். துணி மாட்டும் கம்பியில் நைட்டிகள். ஓரத்தில் சக்கர நாற்காலி. படம் இடப்பக்கம் திரும்பி, சுவரோடு பொருத்திய ஒரு சின்ன மேசையில் நின்றது. மேலே மாத்திரை அட்டைகளும் தண்ணீர்க் குப்பியும்.

"இந்த டேபிள் எதுக்குத் தெரியுமா? மாசா மாசம் உக்காந்து ஏதோ கணக்கு எழுதுவியே, அதுக்கு. ஆசாரிகிட்டச் சொல்லி உன் ஒசரத்துக்குப் போடச் சொன்னேன்."

அவள் எதிரே கணினித் திரையில் ஒன்பதாவது வரி தெரிந்தது, கடைசி இலக்கம் வரை. மறுநாள் மாலைக்குள் கடிதம் கொடுக்க வேண்டும். அவள் கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். படம் அப்படியும் அதிர்ந்தது.

பேச்சுச் சத்தத்தில் மாமியார் விழித்துக்கொண்டார். "யாரு?"

"அக்கா, அத்தை. இந்த ரூமுக்காரி."

மூக்குக்கண்ணாடி இல்லாத அந்த முகம் கைப்பேசியைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, திறந்திருந்த கதவைப் பார்த்தது. "வாம்மா" என்றார். "ஏன் வெளியவே நிக்கற?"

பிறகு கைகளால் ஒரு காலைப் பிடித்து மடக்கினார். இன்னொரு காலையும், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக இழுத்து மடக்கினார். கட்டிலின் கால்மாட்டில் ஓர் ஆள் உட்காருமளவு இடம் காலியானது. அந்த இடத்தில் கசங்கியிருந்த விரிப்பை, எட்டிய மட்டும் கையை நீட்டி, நீவி விட்டார்.