சீர்ப்புடவைக்குள் ஓர் அட்டை

வேணுகோபாலுக்கு வாய் ஜாஸ்தி. பாதி ஆயுளை ஆரணி–வேலூர் பஸ்ஸில் கண்டக்டராகக் கழித்த மனுஷனுக்கு வாய் இல்லாமல் எப்படி? படிக்கட்டில் தொங்குகிறவனைத் திட்டி உள்ளே ஏற்றியதும், சில்லறைக்காக மல்லுக்கு நின்றவளைச் சிரிக்கவைத்து இறக்கியதும் அந்த வாய்தான். ரிட்டையர் ஆன பிறகும் பழக்கம் விடவில்லை. யாருடைய வண்டியில் பின்னால் ஏறினாலும், உட்கார்ந்ததும் "ரைட், போலாம்" என்பார்.

அப்பேர்ப்பட்ட வாய் சந்திரமோகன் விஷயத்தில் மட்டும் ஊர் முன்னால் திறந்ததே இல்லை.

சந்திரமோகன் பட்டுச்சேலைக்கு அட்டைப்பெட்டி அடிக்கிறவர். சின்ன பிரஸ். கல்யாண சீசனில் பத்திரிகையும் அடிப்பார். ஊருக்கு இவர்கள் இரண்டு பேரும் சிநேகிதர்கள், சாயங்காலமானால் பிரஸ்ஸில் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள், அவ்வளவுதான். உள்ளதைச் சொன்னால், மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே ஒருவரை ஒருவர் உயிராக நேசித்தவர்கள். சந்திரமோகன் ஊர் வாய்க்குப் பயந்து ஒரு கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன. வேணுகோபால் கட்டிக்கொள்ளவே இல்லை. "நமக்குப் பொண்ணு அமையலப்பா" என்று சிரித்துச் சிரித்தே காலத்தை ஓட்டிவிட்டு, இப்போது தங்கை கற்பகத்தின் வீட்டு மாடியில் இருக்கிறார்.

புத்தகம் போடும் யோசனை சென்னையில் பிறந்தது. இவர்களைப் போன்றவர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்கு இருவரும் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். கூட்டத்தில் எல்லாம் சின்னப் பிள்ளைகள். தலையில் கலர், வாயில் இங்கிலீஷ். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த கிழங்களில் ஒருவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம வயசுக்காரன் படிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே. இருக்கிற புக்குலயும் எழுத்து எறும்பு மாதிரி இருக்குது" என்று அலுத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போதே வேணுகோபால் முடிவு செய்துவிட்டார்.

"நான் எழுதறேன். நீ பெரிய எழுத்துல அடிச்சுக் குடு. நாமளே ஒரு பதிப்பகம்."

"ரெண்டு கெழவனுங்க பதிப்பகமா?" என்று சந்திரமோகன் சிரித்தார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

எழுதினார் பாருங்கள், இரண்டு வருஷம்! தான் யாரை, எப்படி நேசித்தோம் என்பதைப் பன்னிரண்டு கதைகளாக எழுதினார். முதல் பஸ், கடைசி பஸ், போளூர் திருவிழா, மழையில் நின்றுபோன வண்டி எல்லாம் அதில் வந்தன. சந்திரமோகனின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. "அவர்" என்றுதான் எழுதினார். புத்தகத்துக்கு 'இரண்டு விசில்' என்று பெயர். ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். கிளம்பிவிடத்தானே இத்தனை காலம் துடித்தோம் என்று முன்னுரையில் எழுதியிருந்தார்.

ஆனால் தன் பெயரை மட்டும் மறைக்கமாட்டேன் என்று பிடிவாதம். "அறுவத்தேழு வயசாச்சு மோகன். செத்தா போஸ்டர்ல போடப்போற பேரு, உசுரோட இருக்கறப்ப ஒரு உண்மை மேல போட்டுக்கறேன். புக்கு வெளியூருக்குத்தானே போவுது" என்றார். சந்திரமோகன் தலையாட்டினார். அச்சானதும் பத்துப் பிரதியை பைண்டிங் செய்து கையில் கொடுத்தார். வேணுகோபால் அதை முகர்ந்து பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், தன் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தார். வீட்டுக்கு எடுத்துப்போனால் கற்பகம் கையில் மாட்டும் என்று பத்தையும் பிரஸ்ஸிலேயே வைத்துவிட்டார். வாசகர்கள் கூப்பிட வாங்கிய புது நம்பரும் அதே காரணத்தால் சந்திரமோகனிடமே இருந்தது.

ஆடி மாசம், வேலை இல்லாத நேரத்தில், முந்நூறு பிரதியும் சென்னைக்கும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பார்சலில் போய்விட்டதாகச் சந்திரமோகன் சொன்னார். அதன்பிறகு டீயோடு சேதியும் வரும். "இன்னைக்கு மதுரையில இருந்து ஒருத்தர் பேசினாருடா. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டராம். மழையில நின்னுபோன வண்டி கதையைப் படிச்சிட்டு அழுதுட்டாராம்." வேணுகோபாலுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். முகம் தெரியாத அந்த ஹெட்மாஸ்டருக்காகவே இரண்டாவது புத்தகம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் கற்பகத்தின் மகள் காவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. செய்யாறு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். தாய்மாமன் சீர்ப்புடவையை வேணுகோபால்தானே எடுக்க வேண்டும்? கடையில் எடுப்பதைவிடத் தறிக்காரரிடமே எடுக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முள்ளிப்பட்டுக்குப் போனார்கள். கற்பகமும் இரண்டு சொந்தக்காரப் பெண்களும் ஆட்டோவில். மாமாவும் காவ்யாவும் ஸ்கூட்டரில்.

அங்கே ராஜவேலு நாலைந்து வீடுகளுக்குப் பாவு நூல் கொடுத்து நெய்து வாங்குகிறவர். அவர் மனைவி ஆதிலட்சுமி பாய் விரித்துப் புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட ஒன்றைக் காவ்யா கேட்டாள். ஆதிலட்சுமி அதை உதறினாள். மடிப்பு நிற்பதற்காக உள்ளே வைத்திருந்த அட்டை நழுவி, பாயில் விழுந்தது. பட்டுப்புடவை என்றால் உள்ளே அட்டை இருக்கத்தான் செய்யும். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

காவ்யா பார்த்தாள். எடுத்துத் திருப்பினாள்.

"மாமா, இதுல உங்க பேரு!"

வேணுகோபால் எட்டிப் பார்த்தார். வெள்ளைப் பக்கத்தின் மறுபுறம் நீல வானம், ஒரு பஸ், 'இரண்டு விசில்', கீழே கொட்டை எழுத்தில் 'வேணுகோபால், ஆரணி'. மடிக்காத முழு மேலட்டை. அதன் பின் பாதியில் இருந்ததும் அவருக்கு மனப்பாடம்: 'ஓர் ஆணை ஆயுள் முழுக்க நேசித்த ஒரு கண்டக்டரின் கதைகள்.' காவ்யாவின் கண் அந்த வரியில்தான் நின்றிருந்தது. நாலடி தள்ளி அவள் அம்மா உட்கார்ந்து ஜரிகையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அது?" என்றாள் கற்பகம்.

"ஒண்ணும் இல்லம்மா. ஏதோ பஸ் படம்." காவ்யா அட்டையைக் கைப்பையில் சொருகிக்கொண்டாள். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ராஜவேலுவுக்கு இது எதுவும் தெரியாது. "அட்டைங்களா? நம்ம பெட்டிக்கார அண்ணன் குடுத்தாருங்க. ஆடியில ஒரு கட்டு, முந்நூறு இருக்கும். ஒரு பக்கம் வெள்ளை, நல்லா கனமா இருந்துச்சு. வாணாம்னு சொல்வாங்களா? பாதிக்கு மேல புடவையோட போயிடுச்சு" என்றார் வெள்ளந்தியாக.

முந்நூறு. வேணுகோபாலுக்கு மேற்கொண்டு கணக்குத் தேவைப்படவில்லை. மேலட்டை மொத்தமும் இங்கே இருந்தால் மதுரைக்குப் போனது எது? அவர் அந்த மஞ்சள் புடவைக்கே சரி என்று தலையாட்டினார். வெளியே வந்து காவ்யாவின் ஸ்கூட்டரில் ஏறினார். அப்போதும் பழக்கத்தில் "ரைட், போலாம்" என்று வாய் முணுமுணுத்தது. ஊருக்குள் வந்ததும், "மோகன் பிரஸ்ல நிறுத்தும்மா. ஜல்தியா வந்துடறேன்" என்றார்.

"நான் இங்கயே இருக்கறேன் மாமா" என்றாள் அவள்.

உள்ளே சந்திரமோகன் தனியாகப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். "வாடா, புடவை எடுத்தாச்சா?" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், எதிரில் நின்ற முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

"எடுத்தாச்சு. உள்ள என் அட்டை இருந்துச்சு."

சந்திரமோகன் கையிலிருந்த பசைப் பிரஷைக் கீழே வைத்தார்.

"புக்கு எங்க மோகன்?"

சந்திரமோகன் ஒட்டிய பெட்டியை ஓரமாகத் தள்ளினார்.

"எங்கன்னு கேக்கறேன் இல்ல!"

"எரிச்சுட்டேன்" என்றார் சந்திரமோகன். "உள்தாள் பூரா எரிச்சுட்டேன். எடைக்குப் போட்டா எவனாச்சும் அதுல பஜ்ஜி மடிச்சுக் குடுப்பான், எவனாச்சும் படிப்பான். பயந்துட்டேன்டா. அட்டை மிஷின்ல இருந்து வெளிய வந்துச்சு பாரு, ஒவ்வொண்ணுலயும் ஆரணி வேணுகோபால், ஆரணி வேணுகோபால்னு. உன் பேரைப் பார்த்தா ஊர் அடுத்தது யாரைப் பார்க்கும்? தெனம் உன்கூட டீ குடிக்கிறவன் யாரு? எனக்குப் பெட்டி ஆர்டர் குடுக்கறவன் பூரா இந்த ஊர் சேலைக்காரன். என் மவன் இருக்கறான், பேரப்புள்ளைங்க இருக்குது."

"அப்ப மொதல்லயே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? ரெண்டு வருஷம் சின்னப்புள்ள மாதிரி எழுதிகினு இருந்தே."

"அந்தப் பத்து பிரதி?"

"அதுவும்தான், அட்டையை மட்டும் உரிச்சு எடுத்துட்டு. கம்ப்யூட்டர்ல இருந்ததையும் அழிச்சுட்டேன். நீ குடுத்த கைப்பிரதியும்..." அவர் முடிக்கவில்லை. "அட்டையை எரிக்க மட்டும் மனசு வரல. உன் பேரு இருந்துச்சு அதுல. நெருப்புல போட கை வரல. புடவை மடிப்புக்குள்ளதான இருக்கும், வெள்ளைப்பக்கம் வெளிய வச்சா யாரு திருப்பிப் பார்க்கப்போறாங்கன்னு..."

ஊரில் ஒரு துண்டு அட்டையைக்கூட வீணாக்கமாட்டார்கள். வாழ்நாள் முழுக்க அட்டையோடு பிழைத்த மனுஷன், உள்ளிருந்த உயிரைக் கொளுத்திவிட்டு மேல்தோலை மட்டும் வீணாக்காமல் விட்டிருக்கிறார். பஸ்ஸில் ஆயிரம் பேரை ஏசிய வாய்க்கு இப்போது ஒரு ஏச்சுகூடக் கிடைக்கவில்லை.

"நீ மாட்டக்கூடாதுன்னு உன் பேரை ஒரு எடத்துலயும் நான் எழுதல. முழு புக்குலயும் 'அவர்'தான். உன்னை அவ்ளோ பத்திரமா வச்சிருந்தேன்டா" என்றார். "இன்னைக்கு என் தங்கச்சி முன்னால என் பேரு பாயில விழுந்துச்சு. நான் மானம் போய் செத்திருப்பேன். அந்தப் பொண்ணு காப்பாத்துச்சு. நீ இல்ல."

சந்திரமோகன் முகத்தை மூடிக்கொண்டார்.

"சரி, அந்த மதுரை ஹெட்மாஸ்டர்?"

விரல்களுக்கு இடையிலிருந்து பதில் வந்தது. "அது நான்தான்டா."

"இன்னா?"

"மழையில நின்னுபோன வண்டி கதை. படிச்சிட்டு நான்தான் அழுதேன். அதை நான்னு உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர்கள் பழகிய இத்தனை காலத்தில் சந்திரமோகன் சொன்னவற்றிலேயே மிக இனிமையான வார்த்தை இதுதான். வேறு எந்த நாளில் சொல்லியிருந்தாலும் வேணுகோபால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு அது மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

"எரிச்சுட்டு அழுதியா, அழுதுட்டு எரிச்சியா?"

சந்திரமோகன் முகத்திலிருந்து கையை எடுத்தார். "அழுதுட்டுதான்" என்றார்.

வேணுகோபால் வாசலை நோக்கி நடந்தார். பின்னாலிருந்து, "வேணு, சாயங்காலம் டீக்கு வருவே இல்ல?" என்று கெஞ்சுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"அந்த ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டுக்கோ. அவருக்குத்தான் என் எழுத்து புடிக்குமாம்" என்றார், திரும்பாமலே.

வெளியே காவ்யா ஸ்கூட்டரில் சாய்ந்தபடி அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் கையைப் பார்த்தாள். வெறுங்கை.

"புக்கு எடுத்தார போனீங்கன்னு நெனச்சேன். எனக்குப் படிக்கணும் மாமா."

முந்நூறு பிரதிக்கும் சேர்த்து இவள் ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல. மறுபடி மொதல்ல இருந்து எழுதணும்."

"எழுதுங்க. நான் டைப் பண்ணித் தரேன்." அவள் அட்டையை அவர் சட்டைப்பையில் வைக்கப் பார்த்தாள்; பெரிதாக இருந்ததால் போகவில்லை. மறுபடி தன் பையிலேயே பத்திரப்படுத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். வேணுகோபால் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவள் காத்திருந்தாள். வழக்கமான வார்த்தை வரவில்லை.

"ரைட் சொல்லலியா மாமா?"

பிரஸ் வாசலில் சந்திரமோகன் வந்து நின்றிருந்தார். பசை காய்ந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். வேணுகோபால் அவரை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தார்.

"இரும்மா. ஒருத்தர் எறங்கணும்" என்றார்.

காவ்யாவுக்குப் புரியவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பினார்.

"எறங்கிட்டாரு. ரைட், போலாம்."