சுவருக்கு அந்தப் பக்கம் டேக்

பெர்சிஸ் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவள் பல் தேய்ப்பதுகூட எனக்குக் கேட்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாராவது சொன்னால், அது சுவரைக் கட்டிய கொத்தனாரைக் கேட்க வேண்டிய கேள்வி. சிவகாசியில் நர்ஸ் வேலை அவளுக்கு. அயர்லாந்து போவதற்கான இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவள். மூன்றாவது முறை மதுரையில் எழுத வேண்டும்.

அதற்கு முந்தின நாள் காலை 'டேக்' என்ற ஒரே இங்கிலீஷ் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாத்திரை சாப்பிட்டாலும் டேக், ரத்தம் எடுத்தாலும் டேக். பஸ் பிடித்தாலும், நேரம் ஆனாலும், பிள்ளை அப்பனை உரித்து வைத்துப் பிறந்தாலும் அதே டேக்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு கப்பலில் வந்து கொள்ளையடித்தவர்கள் இங்கிலாந்தில் விட்டுப்போன சொல்லாம். ஆதியில் அதற்குத் தொடுவது என்றுதான் அர்த்தமாம்.

"ஒத்தச் சொல்லு இம்புட்டு வேலை பாக்குதே, சம்பளம் எம்புட்டும்மா?" என்றேன்.

"காதை எடுங்கக்கா, சுவரு சாஞ்சிரும்."

எடுக்கவில்லை. எதிர்வீட்டுக் காளீஸ்வரன் பட்டாசுக் கம்பெனிக்குக் கிளம்பிய வண்டிச் சத்தம் கேட்டது. ஒருநாளும் இல்லாமல் அன்றைக்கு எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு வெடித்தது. அலமாரியில் தட்டுகள் நடுங்கின. கம்பெனி இருக்கிற வெம்பக்கோட்டைப் பக்கம் புகை. தெருவில் எல்லோர் காதிலும் போன். கம்பெனிக்குள் போன் கூடாது. வாசலிலேயே வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். எத்தனை தரம் கூப்பிட்டாலும் பெட்டிக்குத்தான் கேட்கும். அது தெரிந்தேதான் எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காளீஸ்வரனின் மனைவி பாண்டிச்செல்வி என் வாசல்படியில் உட்கார்ந்து விடாமல் போன் அடித்தாள்.

"ரிங்கு போவுது மதினி," என்றாள், அது ஏதோ நல்ல செய்தி மாதிரி.

அதற்குள் பெர்சிஸை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மதுரைக்குக் கட்டி வைத்த பை நடையிலேயே கிடந்தது. ஸ்கூட்டியை எடுத்தவளைப் பாண்டிச்செல்வி மறித்தாள்.

"எங்க வீட்டுக்காரக அங்கன வந்தா சொல்லிருவியாம்மா?"

"சொல்றேங்க்கா." பெர்சிஸ் வண்டியை அணைத்தாள். "சில நேரம் மொகத்த வச்சுச் சொல்ல முடியாது. என்ன சட்டை போட்டுட்டுப் போனாக?"

"நான் அடுப்படியில நின்னேனே... மதினி, நீங்கதான் தெருவுல ஒண்ணு விடாம பாப்பீகளே. சொல்லுங்க."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் இந்தத் தெரு சமாச்சாரம் எதற்கும் தெரியாது என்று நான் சொன்னதே இல்லை.

"நீலக் கட்டம்," என்றேன்.

"ஆமா, நீலக் கட்டம், நீலக் கட்டம்," என்றாள் பாண்டிச்செல்வியும்.

பெர்சிஸ் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள். பாண்டிச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மறுபடி போன் அடித்தாள். ரிங் போனது. அவள் தலைக்கு மேலே எதிர்வீட்டுக் கொடியில், காலையில் அவளே துவைத்துப் போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.